மரவட்டையும் உங்கள் தோட்டத்துப் போர்வெல்லும்

தருமபுரி
ஞாயிறு இரவு

அன்புள்ள சென்றாயா,

பொங்கலுக்கு நீ எழுதியதற்கு ஆனி மாதத்தில் பதில் போடுகிறேன். கோபப்பட உனக்கு முழு உரிமை உண்டு. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கோவிந்தன் பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்துவிட்டான். போன் எடுத்தாலே பெட்டி என்ன விலை என்றுதான் ஆரம்பிக்கிறான். அந்த நீல சைக்கிளை இன்னும் விற்கவில்லையாம், உன்னிடம் சொல்லச் சொன்னான். குசலம் போதும்.

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். அது உங்கள் வீட்டுக் காரியம். முதலிலேயே சொன்னால் மிச்சத்தைப் படிக்காமல் போனை எடுத்துவிடுவாய். அதனால் முறையாக வருகிறேன், பொறுத்துப் படி.

ஹாஸ்டல் சுவரில் கரிக்கட்டியால் வட்டம் வட்டமாக வரைந்து, பக்கத்துப் பக்கத்து வட்டத்தைக் கோட்டால் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கால் போடுவாயே? மரவட்டை என்று கூப்பிட்டோமே? அது இப்போது என் மேஜை முழுக்க ஊர்கிறது. பெங்களூரில் ஸ்பின் சங்கிலியோடு, அதாவது வரிசையாக நிற்கும் குட்டிக் குவாண்டம் காந்தங்களோடு, நீ ஐந்து வருஷம் மல்லுக்கட்டியபோது ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்காமல் போனேனே என்று இப்போது நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது.

2025-ஐக் குவாண்டம் அறிவியல் ஆண்டு என்று ஐ.நா. அறிவித்திருந்ததால் எங்கள் கல்லூரியிலும் ஒரு கருத்தரங்கு நடந்தது. கணக்குத் துறை சார்பில் என்னைப் பேச நிறுத்திவிட்டார்கள். அதற்காகத் தேடியபோதுதான் ஸ்டூடென்மயர், ஷ்வாப் இருவரும் 2016-ல் எழுதிய கட்டுரை கிடைத்தது. கையெழுத்து எண்களின் படத்தைக் கொடுத்தால் எது ஒன்று, எது ஏழு என்று சொல்லும் வேலையை உன் மரவட்டையை வைத்தே செய்திருக்கிறார்கள். பிழை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. ஸ்டீவன் வைட் 1992-ல் ஸ்பின் சங்கிலிக்குக் கண்டுபிடித்த வழியைத்தான் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுப்பதற்கும் பயன்படுத்துகிறார்கள். கணக்குக்காரர்கள் பக்கம் வந்தால் இதற்கே டென்சர் ட்ரெயின் என்று பெயர். 2011-ல் ஓசெலெடெட்ஸ் வைத்தது. நீ மேட்ரிக்ஸ் புராடக்ட் ஸ்டேட் என்பாய். பொருள் ஒன்றுதான்.

எனக்கு இது ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டது என்றால், என் அக்கா மகள். சிரிப்பு வந்தால் அவள் கை தானாக வாய்க்குப் போய்விடும். மேல் முன்பற்கள் இரண்டிலும் குறுக்கே காவிக் கோடு. நம் வகுப்பில் பாதிப்பேருக்கு இருந்தது, நாம் அதை ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் வந்தது பெரிய விஷயம். ஆனால் தோட்டத்தில் கொட்டாய் போட்டுக் குடியிருப்பவர்கள் பலருக்கு இன்றும் போர்வெல் தண்ணீர்தான். பல்லில் இந்தக் கறையைப் போடும் ஃபுளோரைடு அதில் இருக்கிறதா என்று நாக்குக்குத் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. கிட் வாங்கி ஒரு சொட்டு மருந்து விட்டால்தான் தெரியும்: ரோஜா நிறம் அப்படியே நின்றால் பயமில்லை, மஞ்சளுக்கு மாற மாற ஃபுளோரைடு கூடுதல்.

கெமிஸ்ட்ரி மேடமும் நானும் பையன்களும் இரண்டு வருஷமாக பென்னாகரம், நல்லம்பள்ளி, காரிமங்கலம் பக்கமெல்லாம் சுற்றி முந்நூறு இடத்துத் தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கிறோம். ஆழம், பி.எச்., கால்சியம், சோடியம், பைகார்பனேட் என்று ஒவ்வொன்றுக்கும் 12 அளவு. இந்தப் பன்னிரண்டிலிருந்து ஃபுளோரைடு எவ்வளவு என்று கணிக்க முடியுமா? அதுதான் ரிக்ரெஷன். சாதாரண நேர்கோட்டு ரிக்ரெஷன் ஒவ்வொரு அளவையும் ஒரு எண்ணால் பெருக்கிக் கூட்டிவிடும். ஆனால் பாறைக்குள் நடப்பது கூட்டல் இல்லை. தண்ணீர் இடுக்கில் வெகுநாள் தங்கினால் கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். சோடியமும் பைகார்பனேட்டும் ஏறும். கட்டிப்போடக் கால்சியம் இல்லாததால் ஃபுளோரைடு தாராளமாகக் கரையும். இது குறைந்து, அது கூடி, ஆழமும் சேர்ந்தால்தான் ஆபத்து. அளவுகளை ஒன்றோடொன்று பெருக்கிப் பார்த்தால்தான் பிடிபடும்.

எல்லாப் பெருக்கலையும் சேர்க்கலாம் என்று உட்கார்ந்தேன். ஒவ்வொரு அளவுக்கும் ஒன்று, தானே, இருபடி, முப்படி என்று நாலு உருவம். பன்னிரண்டு அளவுக்கு 4-ஐப் பன்னிரண்டு தடவை பெருக்கினால் 1,67,77,216. கையில் இருப்பது முந்நூறு பாட்டில் தண்ணீர், கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட எண்கள்! இங்கேதான் மரவட்டை வருகிறது. அத்தனை எண்களையும் தனித்தனியாக எழுதி வைப்பதே இல்லை. ஒவ்வொரு அளவுக்கும் ஒரு சின்னப் பெட்டி. பக்கத்துப் பெட்டியோடு மட்டும் இணைப்பு. வரிசையாகப் பெருக்கிக்கொண்டே போனால் கடைசியில் ஒரே எண் வரும், அதுதான் கணிப்பு. இணைப்பின் அகலம் 2 என்று வைத்தால் மொத்தம் 176 எண்கள் போதும்.

வகுப்பில் இதைச் சொன்னபோது கான்கிரீட் போடுவதைத்தான் சொன்னேன். தரையிலிருந்து மொட்டைமாடி வரை வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றுவார்கள் இல்லையா? ஒவ்வொருவரும் பக்கத்து ஆளிடம் வாங்கி அடுத்த ஆளிடம் கொடுத்தால் போதும். கீழே இருப்பவர் மேலே ஓட வேண்டியதில்லை. அகலம் என்பது ஒரு நேரத்தில் எத்தனை சட்டி கைமாறலாம் என்பது. பெங்களூருக்கு அப்பாவோடு லீவில் சென்ட்ரிங் வேலைக்குப் போகிற பையன் ஒருவன் எழுந்து, "அப்போ சார், ஒட்டி வேலை செய்யறவங்க பக்கத்துல பக்கத்துல நிக்கணும்ல?" என்றான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அளவுகளை எந்த வரிசையில் நிறுத்துவது என்ற முக்கியமான கேள்வியை அவன் ஒரே மூச்சில் கேட்டுவிட்டான். அன்று ராத்திரியே கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் அடுத்தடுத்து நிறுத்தினேன். பிழை இறங்கியது.

கற்றுக்கொடுக்கும் முறைதான் ரொம்ப அழகு. ஒரு பெட்டியைத் தவிர மற்றதை எல்லாம் அசையாமல் பிடித்துக்கொண்டால், அந்தப் பெட்டியின் 16 எண்களுக்கு வெறும் லீஸ்ட் ஸ்கொயர்ஸ் கணக்கு, பிழைகளின் இருபடிகளைக் கூட்டி அதை முடிந்தவரை குறைப்பது. அதைத் தீர்த்துவிட்டு அடுத்த பெட்டி. கடைசிவரை போய்த் திரும்பி வர வேண்டும். தறியில் நாடா போய்வருகிற மாதிரி. ஒவ்வொரு அடியிலும் பிழை குறையும், அல்லது அப்படியே நிற்கும், ஏறாது. என் பழைய லேப்டாப்பில் காபி ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது. ஆனால் தொடக்க எண்களைப் பொறுத்து வேறு வேறு இடத்தில் போய் உட்காருகிறது, அதற்குத்தான் பத்துத் தடவை ஓட்டுகிறேன். இதில் உன் யோசனை வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு ஆத்திரம். "குவாண்டம் கம்ப்யூட்டரில் குடிநீர் ஆய்வு" என்று பேனர் அடிக்கலாம் என்று ஒருவர் கிளம்பினார். குவாண்டம் கம்ப்யூட்டரை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். குவாண்டம் இயற்பியலுக்காகக் கண்டுபிடித்த கணக்கைக் கடன் வாங்கியிருக்கிறோம், அவ்வளவுதான். தண்ணீர் விஷயத்தில் பொய்யாக ஒரு வார்த்தை ஏறினால், நாளைக்கு நாம் உண்மையைச் சொன்னாலும் கொட்டாயில் இருக்கிறவர் நம்பமாட்டார். பேனரை நிறுத்திவிட்டேன்.

இப்போது என் கவலை. முதலில் முந்நூறையும் சீட்டு மாதிரிக் கலைத்துப்போட்டு, பாதியில் கற்பித்துப் பாதியில் சோதித்தேன். பிரமாதமாக வந்தது. இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை. மேடம்தான் கேட்டார்: "ஒரே கொட்டாயில இருக்கிற நாலு போர்ல ரெண்டைக் காட்டிட்டு மிச்ச ரெண்டைக் கேட்டா, எது வேணாலும் சரியாத்தானே சொல்லும்?" நியாயம். ஒரு ஊரை முழுசாக மறைத்துவைத்து மற்ற ஊர்களில் கற்பித்துப் பார்த்தேன். பிழை ஏறிவிட்டது. நேர்கோட்டு ரிக்ரெஷனைவிட இன்னமும் நல்லது. பல முடிவு மரங்களின் சராசரியை எடுக்கும் ரேண்டம் ஃபாரஸ்ட் முறையோடு வைத்தால் ஏறக்குறைய சமம். அகலத்தை 3 ஆக்கினால் 384 எண்கள், முந்நூறு பாட்டிலுக்கு அது அதிகம். மனப்பாடம் பண்ண ஆரம்பித்துவிடுகிறது. 2-லேயே நிறுத்தி, எண்கள் பெரிதாகாமல் அபராதமும் போட்டுப் பிடித்து வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. லீஸ்ட் ஸ்கொயர்ஸ் கணக்குக்கு மேலே சொன்னாலும் கீழே சொன்னாலும் பிழை ஒன்றுதான். வீட்டில் அப்படியா? நல்ல தண்ணீரைக் கெட்டது என்று சொன்னால் ஒரு பாட்டில் சோதனை வீண், அவ்வளவுதான். கெட்டதை நல்லது என்றால் ஒரு குழந்தை அதைக் குடிக்கும். அதனால் முடிவு எடுத்துவிட்டேன்: இந்தக் கணிப்பை வைத்து யாரிடமும் "உங்கள் தண்ணீர் நல்லது" என்று சொல்லமாட்டேன். எந்தப் போரை முதலில் சோதிப்பது என்று வரிசைப்படுத்த மட்டும்தான் இது.

சரி, உங்கள் வீட்டுக் காரியம். போன மாதம் உங்கள் தோட்டத்துக்குப் போயிருந்தேன். பழைய கிணறு வற்றிவிட்டதால் போன வருஷம் 850 அடிக்குப் போர் போட்டிருக்கிறார்கள், உனக்குத் தெரியும். சொட்டுநீர் போடுவதற்காகத் தண்ணீரைச் சோதித்த காகிதத்தை அப்பா பெருமையாக எடுத்துக் காட்டினார். விவசாயத்துக்கு ஏற்றது என்று எழுதியிருந்தது. ஃபுளோரைடு அதில் பார்ப்பதில்லை. மற்ற அளவெல்லாம் இருந்தது. கால்சியம் ரொம்பக் கம்மி, பைகார்பனேட் எக்கச்சக்கம். வீட்டுக்கு வந்து அந்தப் பன்னிரண்டு எண்ணையும் மரவட்டைக்குள் போட்டேன். லிட்டருக்கு 2.7 மில்லிகிராம் என்றது. மேல் வரம்பே 1.5. பத்துத் தடவை வேறு வேறு தொடக்கம் கொடுத்தும் எதுவும் 2-க்குக் கீழே வரவில்லை.

இது தப்பாக இருக்கலாம். தப்பாக இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் உன் தம்பி பொண்ணுக்கு இப்போது மூன்று வயது. நிலைத்த பற்களுக்கு ஈறுக்குள் எனாமல் உருவாகிற காலம். எட்டு வயசுவரை விழுகிற கறை பிறகு போகாது. கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறோம் என்று உன் தம்பி மனைவி சொன்னார். கொதித்தால் தண்ணீர் வற்றும், ஃபுளோரைடு போகாது. இன்னும் அடர்த்திதான் ஆகும். அப்பாவிடம் ஒரு பாட்டில் கேட்டேன். "சாமி கும்பிட்டுப் போட்ட போர், அதைப் போய் சந்தேகப்படறதா மாது?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அதற்குமேல் பேசவில்லை. நீ சொன்னால் கேட்பார்.

நாளைக்கே பேசு. மோட்டார் போட்டுப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் இரண்டு தடவை அலசிவிட்டுப் பிடிக்கச் சொல். பிளாஸ்டிக் பாட்டில்தான், கண்ணாடி வேண்டாம். காலை ஏழரை பென்னாகரம் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டால் போதும், நான் பஸ் ஸ்டாண்டில் நின்று வாங்கிக்கொள்கிறேன்.

உன்
மாது