ஆண்டறிக்கை: கோமாரிக் காலத்தில் மாடும் எருவும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நீலகிரியில் கறவை மாடு வைத்திருக்கும் நமக்கு இந்த ஆண்டு முழுக்கக் கோமாரிப் பேச்சுதான் என்பதால் இவ்வறிக்கையும் அதைப் பற்றியதே.

பொள்ளாச்சி, ஈரோடு சந்தையில் வாங்கி கல்லாறு வழியாக ஏற்றி வரும் மாடு பார்வைக்கு நன்றாகவே இருக்கும். கிருமி புகுந்து 2 முதல் 14 நாளில்தான் நோய் வெளியே தெரியும். வாயில் கொப்புளம் வருமுன்பே பாலில் கிருமி இறங்கிவிடும். ஆகவே புது மாட்டை 21 நாள் தனியே கட்டுங்கள், வாளியும் தனி. கறக்கத் தனி ஆள் இல்லையென்றால் பழைய மாடுகளை முடித்துவிட்டுக் கடைசியில் அதனிடம் போங்கள். காதுவில்லையின் 12 இலக்க எண் தடுப்பூசிச் சான்றில் இருக்கிறதா என்று பணம் கொடுக்குமுன் பாருங்கள். முந்தின நாள் போட்ட ஊசியை நம்பி வாங்காதீர்கள். எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு, மூன்று வாரமாகும்.

கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புக்கான 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவித்துவிட்டால் அங்குள்ள கால்நடையை இடம் மாற்றக்கூடாது. நோயுற்ற மாட்டோடு பட்ட தீனியும் படுக்கை வைக்கோலும்கூட வெளியே போகக்கூடாது. இந்தப் பின்பகுதியைப் பலரும் கவனிப்பதில்லை.

நம் மலையில் பெரிய ஓட்டை எரு லாரிதான். கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்குச் சமவெளிச் சாணம் மூட்டை மூட்டையாக ஏறுகிறது. வெயிலில் காய்ந்தால் சீக்கிரம் சாகும் கிருமி, நம் குளிரிலும் ஈரத்திலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். நோய்க் காலத்தில் எரு இறக்கவே வேண்டாம். வந்துவிட்டதா? தொழுவத்துக்கு எட்டாத தூரத்தில் குவித்து, தார்ப்பாயால் மூடி வையுங்கள். உள்ளே ஏறும் சூடு கிருமியைக் கொல்லும். காலி மூட்டைச் சாக்கைத் தொழுவத்தில் விரிக்காதீர்கள்.

லாரிச் சக்கரத்துக்கு 10 லிட்டர் தண்ணீரில் 400 கிராம் சலவை சோடா. முதலில் சேற்றைச் சுரண்டிக் கழுவ வேண்டும். சாணம் அப்பிய டயர்மேல் ஊற்றுவது வீண். மட்கார்டின் உட்புறத்தை விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் கனமாக ஒட்டியிருக்கும். தொழுவ வாசலில் போடும் நனைத்த சாக்கை மழை அலசிவிடும். கூரைக்கு அடியில் போட்டு, கரைசலைத் தினமும் மாற்றுங்கள்.

காட்டு மாடுகளுக்கும் கோமாரி தொற்றும். நோய் ஓயும்வரை தேயிலைத் தோட்ட ஓரங்களில் மேய்க்காதீர்கள்.

வாயில் எச்சில் கயிறாக வடிந்து, மாடு சப்புக்கொட்டி, காலை உதறினால் அன்றே கிராம நிர்வாக அலுவலரிடமோ ஊராட்சியிலோ சொல்லுங்கள். இது சட்டக் கடமை. மறைத்து விற்ற ஒரு மாடு ஊரையே படுக்கவைக்கும்.

அடுத்த சுற்று ஊசிக்கு 4 மாதம் நிறைந்த கன்றுகளின் பட்டியலை இப்போதே தாருங்கள். நிறைசினை மாடுகளைத் தனியே குறித்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்