பழைய பாஸ் படகு: மணிக்கணக்கைப் பார்க்கும் முன் பின்பலகையைத் தட்டிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் அயலகத் தமிழர் பக்கத்தில், டெக்சஸ் ஏரிகளில் நடக்கும் பாஸ் மீன்பிடிப் போட்டிகள் பற்றிய கட்டுரையைப் படித்தோம். நம்மவர்கள் இந்தப் பக்கமும் எட்டிப் பார்ப்பது மகிழ்ச்சி. ஆனால், என்ஜின் 300 மணி நேரத்துக்குள் ஓடியிருந்தால் பழைய படகைத் தைரியமாக வாங்கலாம் என்ற பொருளில் அதில் ஒரு யோசனை இருந்தது. அதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. படகு பழுதுபார்ப்பதும் போட்டியில் இறங்குவதும்தான் எங்கள் வேலை என்பதால் இந்த நீண்ட கடிதம்.

பாஸ் என்றதும் நம் ஊர்க் கொடுவாயை நினைத்துவிட வேண்டாம். இது நன்னீர் ஏரியில் வாழும் லார்ஜ்மவுத் பாஸ்; கொடுவாய்க்கு நெருங்கிய உறவு இல்லை. இதற்கென்றே செய்யப்படும் படகு 18 முதல் 21 அடி நீளம், தாழ்ந்த ஃபைபர் உடல், முன்னும் பின்னும் நின்று தூண்டில் வீசத் தட்டையான மேடை, பின்னால் 150 முதல் 250 குதிரைத்திறன் அவுட்போர்டு என்ஜின், முன்னால் சத்தமில்லாமல் நகர மின்சார டிரோலிங் மோட்டார், நடுவில் மீனை உயிரோடு வைக்கும் லைவ்வெல் தொட்டி.

முதலில் அந்த 300 மணி நேரக் கணக்கு. 12 வருடத்தில் 300 மணி என்றால் வருடத்துக்கு 25 மணி. மீதி நாளெல்லாம் படகு கொட்டகையில் சும்மா நின்றிருக்கிறது. இங்கே பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும்; மாதக்கணக்கில் நின்றால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்க் அடியில் தங்கும், இன்ஜெக்டர் கெடும். நீர் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லர் இதழ்கள் ஒரே பக்கம் மடிந்தபடி இறுகிப்போகும். ஐந்து வருடத்தில் 600 மணி ஓடி, ஒழுங்காக எண்ணெய் மாற்றிய என்ஜின் இதைவிட எவ்வளவோ மேல்.

என்ஜின் போனால் வேறு வாங்கி மாட்டலாம். பின்பலகை போனால் படகே போச்சு. டிரான்சம் என்று இங்கே சொல்லும் அந்தப் பலகையில்தான் 500 பவுண்டு அளவு எடையுள்ள என்ஜின் தொங்குகிறது. போதாக்குறைக்கு, போட்டிப் படகுகளில் என்ஜினை ஏற்றி இறக்க ஜாக் பிளேட் என்ற உலோகத் தாங்கியையும் நடுவில் வைத்து, என்ஜினை ஆறு முதல் பன்னிரண்டு அங்குலம் பின்னுக்குத் தள்ளியிருப்பார்கள். நெம்புகோல் கணக்குதான்: எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு இழுவை. பழைய படகுகளில் இந்தப் பலகைக்குள் இருப்பது பிளைவுட். அதற்குள் தண்ணீர் இறங்கினால் வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே மக்கிக்கொண்டிருக்கும்.

தண்ணீர் இறங்க வழி செய்வது பெரும்பாலும் படகுக்காரரேதான். ஒலியால் மீனைக் காட்டும் சோனாரின் டிரான்ஸ்டியூசரை (ஒலி அனுப்பி வாங்கும் பாகத்தை) மாற்றும் ஒவ்வொரு முறையும் நீர்மட்டத்துக்குக் கீழே இரண்டு புதுத் துளை. பழைய துளையைக் குளியலறை சிலிக்கானால் அடைத்துவிட்டுப் போய்விடுவார்கள். வடிகால் அடைப்பான் மாட்டும் பித்தளைக் குழாயின் விளிம்பு அரித்துப்போயிருந்தாலும் இதே கதி. எனவே பின்பக்கம் குனிந்து உட்கார்ந்து, துளைகளை எண்ணுங்கள். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் பலகை முழுக்க, ஒரு அங்குலம் ஒரு அங்குலமாகத் தட்டுங்கள். நல்ல இடம் 'டக் டக்' என்று கணீரென ஒலிக்கும். மக்கிய இடம் பூசணிக்காயைத் தட்டியது போல மந்தமாக இருக்கும். சந்தேகமான இடத்தில் ஒரு ஸ்க்ரூவை மட்டும் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மரையோடு கறுத்த ஈரத் தூள் வந்தால் அங்கேயே கைகூப்பி விடைபெறலாம்.

அடுத்தது அழுத்தச் சோதனை. என்ஜினைத் தாங்கும் கம்பியை எடுத்துவிட்டு, என்ஜினைப் பாதி அளவு தூக்கி நிறுத்துங்கள். ஒருவர் என்ஜினின் அடிப்பாகத்தைப் பிடித்து மேலும் கீழுமாக அழுத்த, இன்னொருவர் ஜாக் பிளேட் போல்ட்டுகளையும், பின்பலகை மேல்விளிம்பில் என்ஜினுக்குமுன் இருக்கும் பள்ளத்தின் மூலைகளையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். டிரெய்லர் ஸ்பிரிங்கால் படகு முழுதும் ஆடத்தான் செய்யும். அதைக் கண்டு பயப்படவும் வேண்டாம், ஏமாறவும் வேண்டாம். பார்க்க வேண்டியது படகு உடலுக்கும் பின்பலகைக்கும் இடையே அசைவு இருக்கிறதா, மூலை விரிசல் வாய் திறந்து மூடுகிறதா என்பதை. போல்ட் வாஷர்கள் ஃபைபருக்குள் புதைந்திருந்தால் உள்ளே மரம் நசுங்கிவிட்டது என்று அர்த்தம். நான்கடி இரும்பு ஸ்கேலை நெட்டுக்குத்தாக வைத்துப் பார்த்தால் பலகை வெளிப்புறம் வளைந்திருப்பதும் தெரிந்துவிடும். பின்பலகையைப் புதுப்பிக்கப் பல ஆயிரம் டாலர் ஆகும், வேலைக்கு ஆள் கிடைப்பதும் லேசில்லை.

படகின் அடிப்பக்கத்துக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். கொக்கி, கைப்பிடி சுற்றி நட்சத்திரம் போல் தெறித்திருக்கும் மெல்லிய ஜெல்கோட் (வெளிப்பூச்சு) கீறல் பெரும்பாலும் அழகுக் குறைதான். நகம் மாட்டுகிற அளவுக்கு நீளவாக்கில் ஓடும் விரிசல் வேறு சங்கதி. முன் அடியில் ரப்பர் பட்டை ஒட்டியிருந்தால், கரையில் ஏற்றி ஏற்றித் தேய்ந்ததை அது மறைக்கிறதா என்று ஓரத்தில் பாருங்கள். படகு மிதக்க உள்ளே அடைத்த நுரை தண்ணீர் குடித்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு டிரக் நிறுத்தங்களில் இருக்கும் எடைமேடை போதும். படகின் கேட்டலாக் எடை, என்ஜின், டிரெய்லர், பேட்டரிகள், பெட்ரோல் கேலனுக்கு 6 பவுண்டு என்று கூட்டிப் பாருங்கள். சாமான் கணக்கில் அடங்காத சில நூறு பவுண்டு மிச்சம் வந்தால் அது நுரைக்குள் இருக்கும் ஏரித் தண்ணீர்.

என்ஜினுக்கு வருவோம். விற்பவர் வீட்டுக்குப் போனதும் என்ஜின் மூடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்வதை மறைக்க முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கக்கூடும். சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனையை என்ஜின் சூடான பிறகு, இக்னிஷனைத் துண்டித்து, எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, திராட்டிலை முழுதாகத் திறந்து, பேட்டரி முழு சார்ஜில் இருக்கும்போது செய்ய வேண்டும். எல்லா சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் தனித்துத் தாழ்ந்தால் விலை பேசுவதில் பிரயோஜனமில்லை.

டீலரிடம் கொண்டுபோய் என்ஜின் கம்ப்யூட்டரிலிருந்து பிரின்ட் எடுக்கச் சொல்லுங்கள். மணிக்கணக்கு என்ற ஒற்றை எண்ணோடு நில்லாமல், எந்த ஆர்பிஎம்-மில் எவ்வளவு நேரம் ஓடியது, எப்போது அதிகச் சூடேறியது என்பதையும் அது காட்டும். போட்டிக்காரரின் என்ஜின் ஓடினால் முழு வேகம், இல்லையென்றால் நிறுத்தம். அதனால் மேல் ஆர்பிஎம்-மில் நேரம் கூடியிருப்பது குற்றமில்லை. சூடேறிய பதிவு இருந்தால்தான் காரணம் கேட்க வேண்டும். வேகத்துக்காக ஜாக் பிளேட்டை அளவுக்கு மீறி உயர்த்தினால் நீர் உறிஞ்சும் துளை தண்ணீருக்கு மேலே வந்துவிடும், என்ஜின் வறண்டு ஓடும். ஈ-டெக் வகை எவின்ரூட் என்ஜின் இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: பிஆர்பி நிறுவனம் அந்த உற்பத்தியை 2020 மே மாதத்தில் நிறுத்திவிட்டது. ஓடும் என்ஜின்தான், ஆனால் உற்பத்தி நின்றுபோனது விலையில் தெரிய வேண்டும்.

லோயர் யூனிட் எனப்படும், என்ஜினின் அடியில் புரொப்பெல்லரைச் சுழற்றும் கியர் பெட்டியின் எண்ணெயைப் பாராமல் யாரும் பணம் தரக் கூடாது. கீழே ஒரு கிண்ணம் வைத்து, அடித் திருகைக் கழற்றி, பிறகு மேல் திருகைத் திறவுங்கள். படகு ஒரு வாரம் நின்றிருந்தால் கனமான தண்ணீர் அடியில் தங்கியிருக்கும். எண்ணெய்க்கு முன்னால் அதுதான் சொட்டும். நேற்று ஓடியிருந்தால் இரண்டும் கலந்து பால்காபி நிறத்தில் வழியும். இரண்டில் எது வந்தாலும் சீல் போய்விட்டது. திருகின் காந்த முனையில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் இருப்பது இயல்பு. ஊசி ஊசியாக இரும்புச் சீவல் இருந்தால் கியர் தேய்கிறது. எண்ணெய் புத்தம் புதிதாக மின்னினாலும் சந்தேகமே. ஒரு மணி நேரம் ஏரியில் ஓட்டிவிட்டு மறுபடி திறந்து பார்க்கலாம். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, என்ஜினை அணைக்கும் கில் சுவிட்ச் கயிற்றைக் கழற்றிவிட்டு, புரொப்பெல்லரைக் கையால் சுற்றுங்கள். ஷாஃப்ட் நுனி வட்டமடித்தால் வளைந்திருக்கிறது. லேக் ஃபோர்க், டொலீடோ பெண்ட் மாதிரி அடிமரம் நிறைந்த நீர்த்தேக்கங்களில் ஓடிய படகென்றால் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

லைவ்வெல் தொட்டியைப் பலர் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பதோடு சரி. பல போட்டிகளில் ஐந்து மீன்தான் எல்லை, செத்த மீன் ஒன்றுக்குக் கால் பவுண்டு கழிப்பார்கள்; கால் பவுண்டில் பரிசு கைமாறிய போட்டிகள் ஏராளம். 30 கேலன் தண்ணீர் 250 பவுண்டு எடை. தொட்டிகளை நிரப்பி, புதுநீர் ஏற்றும் பம்ப், உள்நீரைச் சுழற்றும் பம்ப், வெளியேற்றும் பம்ப் மூன்றையும் தனித்தனியே ஓட்டுங்கள். பத்து நிமிடம் முழு வேகத்தில் போய் நிறுத்தி, தண்ணீர் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். வால்வில் விரிசல் இருந்தால் ஓடும்போதே காலியாகிவிடும், மீன் வெறும் தொட்டியில் துள்ளிக்கொண்டிருக்கும். நீர் உறிஞ்சும் வாயில் வரிக்கோடு போட்ட குட்டிச் சிப்பி ஒட்டியிருந்தால் அது ஜீப்ரா மசல். டெக்சஸில் 2009-இல் டெக்சோமா ஏரியில் முதலில் தென்பட்டது. அதை இன்னொரு ஏரிக்கு ஏற்றிச் செல்வது சட்டப்படி குற்றம்.

விளம்பரப் படத்தில் முதலில் கண்ணைப் பறிப்பவை சோனார் திரைகள். அவை செல்போன் மாதிரி. மூன்றாம் வருடமே பழசு. அவற்றுக்கான விலையைப் படகின் விலையோடு சேர்க்காமல் தனியாகப் பேசுங்கள். டிரோலிங் மோட்டார் 24 வோல்ட் என்றால் இரண்டு பேட்டரி, 36 என்றால் மூன்று. என்ஜினுக்கு வேறு ஒன்று. பேட்டரி மூடியைத் திறந்ததும் ஒட்டுப் போட்ட ஒயர்கள் இடியாப்பமாகக் கிடந்தால் ஒரு முழு நாள் மின் வேலை காத்திருக்கிறது.

ஓட்டிப் பார்க்கும்போது போட்டியன்று எப்படியோ அப்படியே செய்யுங்கள்: இரண்டு பேர், நிரம்பிய லைவ்வெல், பாதிக்கு மேல் பெட்ரோல். காலியான படகு எதுவும் பறக்கும். முழு திராட்டிலில் ஆர்பிஎம், அந்த என்ஜின் கையேடு சொல்லும் வரம்புக்குள் வர வேண்டும். வராவிட்டால் புரொப்பெல்லர் தவறு அல்லது என்ஜினில் பலம் இல்லை. நீரழுத்த மீட்டரையும் பாருங்கள். முழு வேகத்தில் 10 பிஎஸ்ஐ-க்குக் கீழே இறங்கினால் ஜாக் பிளேட்டை இறக்கிப் பார்த்து, அப்போதும் ஏறாவிட்டால் பம்ப் என்று முடிவு செய்யலாம். படகு இடம் வலமாகத் தத்தளித்தால் ஸ்டீயரிங்கில் தளர்வு இருக்கக்கூடும். கில் சுவிட்ச் கயிற்றை இழுத்ததும் என்ஜின் உடனே அணைய வேண்டும். 26 அடிக்குக் குறைந்த படகுகளில் வேகமாகப் போகும்போது அதை மாட்டியிருப்பது 2021 ஏப்ரல் 1 முதல் அமெரிக்கச் சட்டம். திரும்பி வந்து டிரெய்லரில் ஏற்றியதும் வடிகால் அடைப்பானைக் கழற்றி எவ்வளவு தண்ணீர் கொட்டுகிறது என்று நின்று பாருங்கள். ஒரு குவளை சரி, ஒரு வாளி சரியில்லை.

டிரெய்லர் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடத்து 23-ஆம் வாரம். பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரை நம்பி நெடுஞ்சாலையில் போக வேண்டாம். இருபது மைல் இழுத்துப் போய் எல்லாச் சக்கரங்களின் ஹப்பையும் தொட்டால் எந்தப் பேரிங் சுடுகிறது என்று தெரியும்.

கடைசியாகக் காகிதங்கள். படகின் பின்பக்கம் வலது மேல் மூலையில் 12 எழுத்து அடையாள எண் இருக்கும். அதன் கடைசி நான்கு 'ஜி718' என்றால் 2017 ஜூலை, 2018 மாடல். என்ஜின் மூடியில் ஒட்டியிருக்கும் 250 என்ற ஸ்டிக்கரை யாரும் மாற்றலாம். என்ஜின் தாங்கியில் இருக்கும் வரிசை எண் தகட்டைப் பாருங்கள். படகின் கொள்ளளவுத் தகட்டில் எழுதியிருப்பதைவிடக் கூடுதல் குதிரைத்திறன் என்ஜின் மாட்டியிருந்தால் போட்டியில் இறக்க விடமாட்டார்கள். டெக்சஸில் படகுக்கும் அவுட்போர்டு என்ஜினுக்கும் வனவிலங்குத் துறை தனித்தனி உரிமைச் சான்று தருகிறது. டிரெய்லர் சான்று கவுன்டி வரி அலுவலகத்தில். ஆக மூன்று சான்று, மூன்று எண். மூன்றிலும் விற்பவரின் பெயரே இருக்க வேண்டும், வங்கிக் கடன் குறிப்பு எதிலும் இருக்கக் கூடாது. என்ஜின் சான்று "பிறகு அனுப்புகிறேன்" என்றால், அது வந்து சேரும் நாளில் பணத்தைக் கொடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
இரண்டு வாசகர்கள்,
டாலஸ், டெக்சஸ்