நீ அனுப்பிய ப்ரோகிராம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, பசார் மாலாம் இரவுச் சந்தைக்கு நடந்தே போய்வருகிறாள். ரோபோ போட்டிக்கு நான் தயார்செய்யும் பள்ளிப் பிள்ளைகள், அவர்களுக்காக நீ எழுதி அனுப்பிய ப்ரோகிராமைப் போட்டுப் பார்த்தார்களா என்று நீ வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறாய். குரல் பதிவில் பதில் சொன்னால் நான் அதட்டுவது போல இருக்கிறதாம், அம்மா சொல்கிறாள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போட்டுப் பார்க்கவில்லை. நான் அதை அவர்களிடம் கொடுக்கவே இல்லை, கொடுக்கப்போவதும் இல்லை. கோபப்படாமல் மிச்சத்தையும் படி.

உன் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. போட்டிப் பாயில் இருக்கும் கறுப்புக் கோட்டை ரோபோ விடாமல் பிடித்துக்கொண்டு போக, மூன்று எண்களை வைத்து நீ போட்டிருக்கும் கணக்கை ஆசிரியரும் பார்த்து வியந்தார். ஆனால் நீ எழுதியது பைத்தான் மொழியில், வரிவரியாக. இவர்கள் திரையில் வண்ணக் கட்டங்களை இழுத்து ஒன்றோடொன்று ஒட்டித்தான் ப்ரோகிராம் செய்கிறார்கள். உன்னுடையதை ஏற்றினால் ரோபோ அழகாக ஓடும். எதனால் ஓடுகிறது என்று கேட்டால் மூன்று பேரும் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

போட்டி நாளில் என்ன நடக்கும் என்பதைச் சொல்கிறேன். உலக ரோபோ ஒலிம்பியாட் விதிகளை வைத்துத்தான் நடத்துகிறார்கள். புறப்படும்போது ரோபோ நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 25 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். ஓர் ஓட்டத்துக்கு 2 நிமிடம். ஓடவிட்ட பிறகு கை வைக்கக் கூடாது. பயிற்சி நேரம் முடிந்ததும் எல்லா ரோபோக்களையும் நடுவர் மேசையில் வைத்துவிட்டு ஒதுங்க வேண்டும். எந்த நிறக் கட்டை எந்த இடத்தில் நிற்கும் என்று அதற்கு அப்புறம்தான் குலுக்கிப் போடுவார்கள். இது போதாதென்று, அன்று காலையில் யாருமே எதிர்பார்க்காத புது விதி ஒன்றை அறிவிப்பார்கள். அதற்குத் தகுந்தபடி பிள்ளைகளே அங்கே உட்கார்ந்து மாற்ற வேண்டும். நானும் ஆசிரியரும் வெளியேதான் நிற்போம். அந்த நேரத்தில் நீ இருக்கும் நாட்டில் விடியற்காலை மூன்று மணி இருக்கும். தனக்குப் புரியாத ப்ரோகிராமில் எந்த வரியைத் தொடுவது என்று ஒரு பதிமூன்று வயதுப் பையன் எப்படிக் கண்டுபிடிப்பான்?

இந்தக் குழுவை நீ ஒழுங்காகப் பார்த்ததில்லை. பெரியவன் இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவம், செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவரின் மகன். அடுத்தவள் மளிகைக் கடைக்காரர் மகள், கணக்கில் கெட்டி, வாயிலும் கெட்டி. கடைசிப் பையன் முதலாம் படிவம். பேசவே மாட்டான், ஆனால் ரோபோ துண்டுகளை இணைக்கும் ஒரு பின் தவறி விழுந்தால் முதலில் குனிகிறவன் அவன்தான். ஆலையில் பிட்டராக இருந்தவர் சும்மாதானே இருக்கிறார் என்று ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்தை மாலையில் பூட்டிவிடுவதால் இப்போது எல்லாம் நம் வீட்டில்தான். போட்டிப் பாயைப் பேனர் அடிக்கும் கடையில் அச்சடித்து வந்தோம். 2.36 மீட்டர் நீளம், 1.14 மீட்டர் அகலம். அதை விரிக்க சோபாவைத் தூக்கிப் பின்கட்டில் போட்டாயிற்று. அம்மா நாடகம் பார்ப்பது இப்போது பிளாஸ்டிக் நாற்காலியில். அதற்கும் சேர்த்து எனக்குத்தான் திட்டு.

போன வாரம் ரோபோவை நேராகப் போகச் சொன்னால் இடது பக்கமே இழுத்தது. பெரியவன் உடனே வலது மோட்டாரின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தான். நேராகப் போனது, கைதட்டினார்கள். மறுநாள் பேட்டரியை முழுக்கச் சார்ஜ் ஏற்றிவிட்டு ஓட்டினால் வலது பக்கம் இழுக்கிறது! மறுபடியும் எண்ணை மாற்றப் போனவனை நிறுத்தினேன். கம்ப்யூட்டரை மூடு, ரோபோவைக் கவிழ்த்துப் போடு என்றேன்.

பின்பக்கம் தாங்கி உருளும் இரும்புக் குண்டு இருக்கிறதல்லவா, அதன் கூட்டுக்குள் தலைமுடி சுற்றிக் கிடந்தது. உன் அம்மாவுடையதுதான், நரைத்த முடி. இடது சக்கரம் சட்டத்தோடு ஒட்டி உரசிக்கொண்டிருந்தது. கழன்றுவிடக் கூடாது என்று அச்சில் மாட்டும் வளையத்தை அவ்வளவு இறுக்கித் தள்ளியிருக்கிறார்கள். ஆலையில் மோட்டாரையும் பிரஸ்ஸையும் இணைக்கும் கப்ளிங் மயிரிழை விலகியிருந்தால் பேரிங் சூடாகும், அதைப் போய் மோட்டார் கோளாறு என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதே கதைதான் இங்கேயும். வளையத்தைத் தளர்த்தி, குண்டைத் துடைத்து, டயரில் ஏறியிருந்த தூசியை ஈரத்துணியால் எடுத்தோம். பெரியவன் தானாகவே வலது மோட்டாரின் எண்ணைப் பழையபடி மாற்றி வைத்தான். நான் சொல்லவில்லை.

அதற்கப்புறம் கடைக்காரர் மகளுக்கு வெறி பிடித்துவிட்டது. சக்கரத்தில் நூலைச் சுற்றி அளந்தாள், 17.6 சென்டிமீட்டர். 56 மில்லிமீட்டர் விட்டத்தை 3.14 ஆல் பெருக்கிப் பார்த்தாள், அதேதான் வந்தது. அப்படியென்றால் ஒரு மீட்டர் போக 5.68 சுற்று, டிகிரியில் சொன்னால் 2045. ஓட்டிப் பார்த்தால் அரை விரல் குறைவாக நிற்கிறது. ரோபோவின் கனத்தில் டயர் நசுங்குவதை அவளே கண்டுபிடித்து, எண்ணைத் திருத்தி, சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

வெளிச்சம்தான் பெரிய தலைவலி. காலையில் கோட்டின் மேல் ஒழுங்காகப் போகிறது. மாலையில் ஜன்னல் வழியாக வெயில் பாயில் விழுந்ததும் தடுமாறுகிறது. கோட்டைப் பார்க்கும் சென்சாரைப் பாயிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக இறக்கி, நான்கு பக்கமும் கறுப்புத் துண்டுகளால் மறைத்தார்கள். போட்டி மண்டபத்து விளக்கு வேறு மாதிரி இருக்கும் என்பதால், அங்கே போனதும் முதல் வேலையாகக் கறுப்பையும் வெள்ளையையும் புதிதாக அளந்து நடு எண்ணைப் போட்டுக்கொள்ள வேண்டும். இந்த வேலையைச் சின்னவன் ஏற்றிருக்கிறான். இவர்களின் கோட்டுக் கணக்கில் உன்னுடையது போல மூன்று எண்கள் இல்லை, ஒன்றுதான். அது பெரிதானால் ரோபோ பாம்பாக நெளிகிறது, சிறிதானால் வளைவில் கோட்டை விட்டுவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். உன்னுடையதைவிட மெதுவாகத்தான் போகும். போகட்டும்.

நீ ஏன் இவ்வளவு அவசரப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும். 2012இல் அந்த உலகப் போட்டி கோலாலம்பூரிலேயே நடந்தது. நீ அப்போது மூன்றாம் படிவம், பி.எம்.ஆர். தேர்வு வருடம். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ அரைமணி, அங்கிருந்து ரயில், அவ்வளவுதான் தூரம். ஆனாலும் அப்படி ஒன்று நடப்பதே நம் தோட்டத்துப் பக்கம் யார் காதிலும் விழவில்லை. ரோபோ பெட்டியை நீ முதலில் தொட்டது பாலிடெக்னிக்கில். இவர்களாவது தோற்றுப் போகாமல் வரட்டும் என்று நினைக்கிறாய். அது சரி. ஆனால் பட்டணத்துப் பயிற்சி நிலையங்களிலிருந்து வரும் சில குழுக்களைப் போன முறை பார்த்தேன். நாலைந்து மேசையில் ஒரே மாதிரி ரோபோ, ஒரே மாதிரி கை. புது விதியை அறிவித்ததும் அந்தப் பிள்ளைகள் பயிற்சியாளரைத் தேடிக் கழுத்தைத் திருப்பியதையும் பார்த்தேன். பிள்ளைகளே செய்ய வேண்டும் என்று விதியில் எழுதியும் இருக்கிறது. நம் பிள்ளைகளை அந்த வரிசையில் நிற்கவைக்க எனக்கு மனமில்லை.

உனக்கு வேலை வைத்திருக்கிறேன். சனிக்கிழமை இங்கே மாலை நான்கு மணிக்குக் கூப்பிடு, அங்கே காலை பத்து. அவர்கள் ரோபோவை ஓட்டிக் காட்டுவார்கள். நீ கேள்வி மட்டும் கேள். கட்டை விழுந்தால் என்ன செய்வாய், பேட்டரி பாதியாக இருந்தால் என்ன ஆகும், இந்த மாதிரி. பதிலை மட்டும் சொல்லிவிடாதே. ரோபோ எவ்வளவு திரும்பியது என்று அளக்கும் ஜைரோ சென்சாரைப் பற்றி அவர்களே உன்னிடம் சொல்லக் காத்திருக்கிறார்கள். அசையாமல் வைத்திருக்கும்போதே எண் ஏறிக்கொண்டே போனது. வயரைச் சொருகும் நேரத்தில் ரோபோ ஆடினால், அந்த ஆட்டத்தையே அது நிலையாக இருப்பதாக எடுத்துக்கொள்கிறது என்று பிடித்துவிட்டார்கள். உனக்கு முன்பே தெரியும் என்று காட்டிக்கொள்ளாமல் கேள்.

செலவு செய்யத்தான் வேண்டும் என்றால், லெகோ ஈவி3 ரோபோ பெட்டிக்கு வயர் கிடைக்குமா என்று அங்கே பார். பள்ளியில் இருப்பது 2013இல் வந்த அந்தப் பழைய மாடல். 2022 முடிவோடு லெகோ அந்த மைண்ட்ஸ்டார்ம்ஸ் வரிசையையே நிறுத்திவிட்டதால் இங்கே உதிரி கிடைப்பது கஷ்டம். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, நீளமான வயர் நான்கு போதும். பஸ் செலவைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் பார்த்துக்கொள்ளும், அதற்குப் பணம் அனுப்பாதே. அம்மா முறுக்கு மாவு அனுப்பட்டுமா என்று கேட்கிறாள். வேண்டும் என்றால் சனிக்கிழமையே சொல்லிவிடு, அடுத்த வாரம் தபால் நிலையம் போகும்போது போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா