செயலாளரின் ஆண்டறிக்கை: வாசித்தவர் பெயரும் வரட்டும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், விடுமுறை நாளிலும் வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதாந்திரப் பாட்டு கேட்கும் கூட்டம் எந்த மாதமும் நிற்கவில்லை. சந்தா பாக்கி கொஞ்சம் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் விரிவாகச் சொல்ல நினைப்பது, பாடல்களில் வாசித்தவர்கள், ஒலிப்பதிவு செய்தவர்கள் பெயர்களைத் தேடி எழுத நாம் ஆரம்பித்திருக்கும் பதிவேட்டைப் பற்றித்தான்.

இளையராஜா பாடல்கள் கேட்ட மாலையில் நம் இளம் உறுப்பினர் ஒருவர், “இந்த பேஸ் கிட்டார் யார் சார்?” என்று கேட்டார். பெரியவர்கள் சட்டென்று சசிதரன் என்றார்கள், அப்புறம் பேச்சு டிரம்ஸ் புருஷோத்தமன், கிட்டார் சதானந்தம், கீபோர்டு விஜி மேனுவல், புல்லாங்குழல் நெப்போலியன் (அருண்மொழி என்ற பெயரில் பாடியவரும் இவர்தான்) என்று ராத்திரி வரை போனது. மேசையில் கிடந்த இசைத்தட்டு உறையைத் திருப்பிப் பார்த்தால் இவர்களில் ஒருவர் பெயரும் இல்லை. இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடியவர்கள், அதோடு சரி. அந்தக் காலத்தில் எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சேர்ந்து வாசிக்க வேண்டும், ஒருவர் பிசகினாலும் மொத்தப் பேரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும், டேக் ஓகே ஆனதும் அடுத்த கால்ஷீட்டுக்கு ஓட வேண்டும். அப்படி உழைத்தவர்களுக்கு உறையில் ஒரு வரி இடம் இல்லாமல் போனது எனக்கு இன்றும் ஆறவில்லை.

பெயர் போட்டவர்களும் உண்டு. இளையராஜாவே 1986-இல் ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்தில் வயலின் வி.எஸ். நரசிம்மனை முன்னால் நிறுத்தினார். தொண்ணூறுகளில் ஏ.ஆர். ரஹ்மான் கேசட் உறைகளில் புல்லாங்குழல் நவீன், பேஸ் கீத் பீட்டர்ஸ் என்று வாசித்தவர்கள் பெயர் வர ஆரம்பித்தது. உறுப்பினர்கள் வீட்டுப் பரணிலிருந்து எடுத்துவந்த அந்த உறைகளைத்தான் இப்போது படியெடுக்கிறோம். எழுத்து கடுகளவு. மடிப்பு விழுந்த இடத்தில் மை உதிர்ந்து பாதிப் பெயர்தான் தெரிகிறது. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கி, இன்னொருவரிடம் அதே கேசட் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்தைச் சரிபார்க்கிறோம். யூகத்தில் எதையும் எழுதுவதில்லை.

டிசம்பர் கூட்டத்தை ஒலிப்பதிவாளர் எச். ஸ்ரீதருக்கு ஒதுக்கினோம். ‘மகாநதி’, ‘தில் சே’, ‘லகான்’, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ என்று நான்கு தேசிய விருது வாங்கியவர், 2008 டிசம்பர் 1 அன்று காலமானார். அவர் பதிவு செய்த பாடல்களை இத்தனை ஆண்டுகளாகக் கேட்டுவரும் நம்மில் பலருக்கு அவர் பெயரே அன்றுதான் தெரிந்தது. ரஹ்மானின் தந்தை ஆர்.கே. சேகரைப் பற்றியும் அன்று பேசினோம். மலையாளப் படங்களில் மற்ற இசையமைப்பாளர்களுக்கு இசைக்கோர்ப்பும் வாத்தியக் குழுவை நடத்தும் வேலையும் அவ்வளவு செய்து, 1976-இல் சின்ன வயதிலேயே போய்விட்டார்.

உறுப்பினராக உள்ள வழக்கறிஞர் பதிப்புரிமைச் சட்டத்தை விளக்கினார். 2012 திருத்தத்தில் சேர்ந்த 38பி பிரிவின்படி, தன்னை நிகழ்த்தியவராக அடையாளம் காட்டச் சொல்லும் உரிமை கலைஞருக்கு உண்டு. ஆனால் சினிமாவில், தற்செயலாகவோ சிறிய அளவிலோ பங்களித்து, துறை வழக்கப்படி பெயர் போடப்படாதவர்களுக்கு அந்த உரிமை இல்லை என்று ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. பெயர் போடாத வழக்கத்தையே காரணமாகக் காட்டிப் பெயரை மறுக்க இது இடம் கொடுக்கிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஒலிப்பதிவாளர்களோ நிகழ்த்துபவர் என்ற வரையறைக்குள்ளேயே வருவதில்லை.

நம் ஆண்டு விழா மெல்லிசைக் கச்சேரி அழைப்பிதழில் ‘மற்றும் குழுவினர்’ என்பதை எடுத்துவிட்டு ஒவ்வொருவர் பெயரையும் வாத்தியத்தோடு அச்சடித்தோம், மைக் செட் போட்டவர் பெயர் உட்பட. தபேலா வாசித்த அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோக நான்கு அழைப்பிதழ் கேட்டு வாங்கினார்.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன்: சங்க மேடையில் எந்தப் பாட்டு ஒலித்தாலும் வாசித்தவர் பெயர் தெரிந்தால் சொல்லியாக வேண்டும், ஓய்வுபெற்ற வாத்தியக் கலைஞர்களைச் சந்தித்து, அவர்கள் சம்மதித்தால் பேச்சைப் பதிவு செய்ய ஒரு ரெக்கார்டர் வாங்க வேண்டும். இரண்டுக்கும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கேட்கிறேன். பழைய கேசட், இசைத்தட்டு உறை வைத்திருப்பவர்கள் எதையும் எடைக்குப் போடாமல் அடுத்த கூட்டத்துக்கு எடுத்துவாருங்கள், படியெடுத்ததும் திருப்பித் தந்துவிடுகிறோம்.

செயலாளர்