முன்கூட்டியே சொன்னவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம். நான் சொல்லச் சொல்ல மகள் ஃபோனில் தட்டுகிறாள். எழுத்துப்பிழை இருந்தால் அவளைப் பிடியுங்கள், விஷயத்தில் பிழை இருந்தால் என்னைப் பிடியுங்கள்.

திருகோணமலை ஊருக்குள்ளே ஒரு பாடசாலையில் நான் வாச்சர். பாடசாலையின் பெயர் வேண்டாம் என்று அதிபர் சொல்லிவிட்டார், போடாமலே தெரிந்தவர்களுக்குத் தெரியும். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. 83 கலவரத்துக்குப் பிறகு வீட்டை விட்டுப் போன பொடியன்களில் நானும் ஒருவன். எந்தப் படையணி, எந்தச் சண்டை, என்ன செய்தேன் என்பதெல்லாம் இந்த மடலில் வராது, அதற்காக வாசிக்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். 2009 மே மாதம் யுத்தம் முடிந்தது, பிறகு புனர்வாழ்வு முகாம், பிறகு வீடு. சுமார் 12,000 பேர் அந்த முகாம்களுக்குள்ளால் போய் வந்தார்கள், ஆகவே என் கதை ஒன்றும் புதினமில்லை. வெளியே வந்த பிறகு எனக்கு வாய்த்த ஆட்கள்தான் புதினம். அவர்களுக்குத்தான் இந்த மடல்.

இடுப்பில் செல் துண்டு இன்னும் இருக்கிறது. மழைக்காலத்தில் உளையும், அதோடு சரி, பழகிவிட்டது. பழக முடியாதது காதும் நித்திரையும்தான். சீனன்குடாப் பக்கமிருந்து ஹெலி ஒன்று எழும்பினால் மற்றவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள், நான் குனிந்திருப்பேன். எங்கள் கடலில் களவாக டைனமைட் போட்டு மீன் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், எத்தனை பேரைப் பிடித்தாலும் அது முடிகிற பாடாகத் தெரியவில்லை. தூரத்தில் ‘டும்’ என்று ஒன்று கேட்கும், ஊரில் பாதிப்பேர் அதைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை, எனக்கு அன்றைய பகல் முழுக்கப் போய்விடும். பவளப்பாறையும் குஞ்சு மீனும் நாசமாகிறது என்று அதைத் தடை செய்திருக்கிறார்கள், என்னுடைய காரணத்தையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த வேலைக்கு முன்னர் ஒரு கடையில் நின்றேன். ஒருநாள் வாசலில் லொறி ரயர் வெடித்தது. வாடிக்கையாளர்களுக்கு முன்னால் நான் சீமெந்துத் தரையில் குப்புறப் படுத்திருந்தேன். முதலில் சிரித்தார்கள். மாதக் கடைசியில் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். அவர்களைப் பற்றி அவ்வளவுதான்.

முதல் நன்றி அதிபர் ரீச்சருக்கு. அரசாங்க நியமனம் எனக்குக் கிடைக்காது என்று அவருக்கும் தெரியும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தோடு கதைத்து, சங்கக் காசில் மாதப்படி தருகிற மாதிரி என்னை எடுத்தார். வேலைக்கு எடுக்கிறவர்கள் வழக்கமாக என்ன கேட்பார்கள்? எங்கே இருந்தீர்கள், எத்தனை வருடம், கேஸ் ஏதும் இருக்கா. இவர் கேட்டது ஒரு கேள்விதான்: “ஐயா, உங்களுக்கு என்னென்ன சத்தம் ஒத்துவராது?” எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை, அதுவரைக்கும் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. யோசித்து யோசித்துச் சொன்னேன், அவர் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார். வெடி, ரயர், இரும்புக் கதவு அடிபடுகிறது, பின்னால் வந்து தோளில் தொடுகிறது, கரன்ட் மணி.

கரன்ட் மணியைச் சொன்னது எனக்கே வெட்கமாக இருந்தது. பாடசாலையில் மணி அடிக்காமல் முடியுமா? ஆனால் அது சைரன் மாதிரி அலறும், பாடத்துக்குப் பாடம் அலறும். அடுத்த கிழமை நான் போனபோது, வேப்பமரத்தில் பழைய தண்டவாளத் துண்டு ஒன்று கம்பியில் தொங்கியது, பக்கத்தில் ஒரு இரும்புத் தடி. “இனி மணி நீங்கள்தான்” என்றார். இதில் என்ன கெட்டித்தனம் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன். அதுவும் சத்தம்தான், சொல்லப்போனால் பெரிய சத்தம். ஆனால் அடிக்கிறது நான். எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். மணிக்கூட்டைப் பார்த்து, மூச்சை இழுத்து, தடியைத் தூக்கி அடித்தால் கைக்குள்ளால் அதிர்வு ஏறும், காது அதற்குத் தயாராக இருக்கும். நான் அடிக்கிற சத்தத்துக்கு நான் பயந்ததே இல்லை. என் மேசையையும் அவரே இடம் மாற்றினார், முதுகுக்குப் பின்னால் மதில், கண்ணுக்கு முன்னால் கேற். பின்பக்கத்தால் ஒருவரும் வர முடியாது.

அடுத்தது பி.ரி. சேர். இல்ல விளையாட்டுப் போட்டி என்றால் ஓட்டம் தொடங்கத் துவக்கு வெடிக்கும், அது விளையாட்டுத் துவக்குத்தான் என்று என் மூளைக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியாது. முதல் வருடங்களில் போட்டி நாளில் லீவு போட்டுவிட்டு உப்புவெளிப் பக்கம் போய் இருந்துவிட்டு வருவேன். இவர் மாறி வந்த வருடம் என்னைத் தேடி வந்து, பக்கவாட்டில் நின்று கூப்பிட்டார் (பின்னால் வரக்கூடாது என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்). “அண்ணை, விசிலும் கொடியும் வச்சு நடத்துவம். விசில் எண்டா உங்களுக்குப் பரவாயில்லையோ?” என்று கேட்டு, விசிலை என் கையில் தந்து ஊதிப் பார்க்கச் சொன்னார். ஊதினேன், ஒன்றும் செய்யவில்லை.

பெற்றோரில் ஒருவர் குறைப்பட்டார். வலய மட்டப் போட்டியில் துவக்குத்தானே வெடிக்கும், விசிலுக்கு ஓடிப் பழகினால் பிள்ளை அங்கே பிந்திப்போகாதா என்று. நியாயமான கேள்வி, நானே ஓமென்று தலையாட்டினேன். சேர் அதற்கும் வழி பார்த்தார். வலயத்துக்குத் தெரிவான பிள்ளைகளை மட்டும் பின்னேரங்களில் வேறு மைதானத்துக்குக் கொண்டுபோய்த் துவக்கு வெடிக்குப் பழக்கினார், போகிற நாளெல்லாம் போகிற வழியில் “அண்ணை, இண்டைக்கு நாலரைக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவு தூரத்தில் கேட்காது என்று அவருக்கும் தெரியும், இருந்தாலும் சொன்னார். இந்த வருடப் போட்டியில் முடிவுக்கோட்டில் கயிறு பிடித்து நின்றது நான்தான். கடைசி அஞ்சலோட்டம் முடிந்து கதிரை அடுக்கும் வரைக்கும் நின்றேன். சேருக்கு இப்போது இடமாற்றம் வந்துவிட்டது. போகிற இடத்துப் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள்.

வைத்தியசாலை மனநலப் பிரிவில் என்னைப் பார்க்கிற வைத்தியருக்கும் நன்றி. பெரிய வைத்தியர்கள் கதைப்பது பாதி விளங்காது, இவர் விளங்கும் வரைக்கும் விடமாட்டார். முதலாம் உலகப்போரில் செல்லடிக்குள் கிடந்து வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கும் இதே நடுக்கம்தானாம், அப்போது ‘ஷெல் ஷொக்’ என்றார்களாம், சிலரைக் கோழை என்று தண்டித்தும் இருக்கிறார்களாம். வியட்நாமுக்குப் போய்வந்தவர்கள் விடாமல் குரல் கொடுத்த பிறகு, 1980இல் அமெரிக்க மனநல வைத்தியர்களின் கையேட்டில் இது PTSD என்ற பெயரில் ஒரு நோயாக ஏறியதாம். 1980இல் நான் பள்ளிக்கூடப் பையன். வரப்போகிற வருத்தத்துக்கு முதலே பெயர் வைத்துவிட்டார்கள்!

குளிசையைப் பற்றி விளங்கப்படுத்திய தாதி மிஸ்ஸுக்குத் தனியாக நன்றி. செர்ட்ராலின் குடித்த அன்றைக்கே ஒன்றும் செய்யாது, கிழமைக்கணக்கில் பொறுக்க வேண்டும், நல்லா வந்துவிட்டது என்று நினைத்து நாமாகவே திடீரென்று நிறுத்தவும் கூடாது என்று அவர் அன்றைக்கே சொல்லியிராவிட்டால் இரண்டாம் கிழமையே எறிந்திருப்பேன். 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது அந்த ஒரு வார்த்தைதான் என்னை ஓட வைத்தது. மருந்துக்கடைத் தம்பி ஒருவர், முடியப் போகிறது என்று பத்து நாளுக்கு முன்னரே ஃபோன் எடுத்தார். முடிந்த பிறகு “இல்லை ஐயா” என்று சொல்ல எல்லோராலும் முடியும். அவர் முதலே சொன்னபடியால் கொழும்பில் இருக்கிற பழைய மாணவர் ஒருவர் தேடி வாங்கி பஸ்ஸில் போட்டுவிட நேரம் இருந்தது.

அதே வருடம் மின்வெட்டு ஒருநாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போனது ஞாபகம் இருக்கும். இரவு வாச்சருக்கு அது என்ன என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் ஊரில் புள்ளிமான்கள் கோட்டையில் மட்டும் நிற்பதில்லை, ரோட்டிலும் திரியும், இரவில் மதில் உடைந்த பக்கத்தால் பாடசாலைக்குள்ளும் வரும், குப்பையைக் கிளறும், பிள்ளைகள் நட்ட பயிற்றங்கொடியைத் தின்னும். வெளிச்சம் இருந்தால் மான். வெளிச்சம் இல்லாவிட்டால் சருகு நெரிபடுகிற சத்தம் மட்டும், அதுவும் நின்று நின்று, ஆள் பதுங்கி வருகிற மாதிரியே. ஒரு பிள்ளையின் தகப்பன், அவர் கிண்ணியாவிலிருந்து ஆட்டோ ஓட்டுகிற நானா, சூரிய ஒளியில் எரிகிற விளக்கொன்றைக் கொண்டுவந்து மதிலில் பூட்டினார். ஆள் அசைந்தால் பளிச்சென்று பத்துகிற விளக்குத்தான் மலிவாம், “அது திடீரெண்டு பத்தும், உங்களுக்கு அது வேணாம்” என்று பொழுதுபட்டால் ஒரே சீராக எரிகிறதைத் தேடி வாங்கியிருக்கிறார். காசு எடுக்கவில்லை. மான்களுக்கும் வசதி, இப்போது வெளிச்சத்தில் தின்கின்றன.

கிளினிக் வாங்கில் பழக்கமான ஒருவருக்கும் சொல்ல வேண்டும். கந்தளாய்ப் பக்கத்துச் சிங்களவர், ஆமியில் இருந்தவர், என் வயதுதான் இருக்கும். அவருக்கும் மதிலோரக் கதிரைதான் வேண்டும், எனக்கும் அதே கதிரைதான் வேண்டும், அதில்தான் பழக்கமே தொடங்கியது. என் சிங்களம் அரைகுறை, அவர் தமிழ் அதைவிட மோசம். முதலில் வருகிறவர் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மற்றவருக்கு எழும்பிக் கொடுப்போம். அதற்கு மேல் கதைத்ததில்லை, கதைக்க வேண்டிய அவசியமும் வரவில்லை. அவர் இந்த மடலை வாசிக்கமாட்டார், அடுத்த கிளினிக்கில் பிளேன்ரீ வாங்கிக் கொடுக்கிறேன்.

தெருக்கோயில் பொடியன்கள், நீங்கள் திருவிழா நாட்களில் வெடி கொளுத்துகிற நேரத்தை வாட்ஸ்அப்பில் போடுவது சின்ன உதவி என்று நினைக்காதீர்கள். வெடியை நிறுத்துங்கள் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன், அம்மனுக்கு வெடி இல்லாமல் என்ன திருவிழா. நேரம் தெரிந்தால் போதும், ரேடியோவைக் கூட்டி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் இருப்பேன். தீபாவளிக்கு மட்டும் ஊரே நேரகாலமில்லாமல் கொளுத்தும், அதற்கு நீங்களும் ஒன்றும் செய்ய முடியாது.

வீட்டுக்காரிக்கு நன்றி சொன்னால் “பைத்தியமா” என்று கேட்பாள், எழுதுகிற மகளும் இப்போது சிரிக்கிறாள். என்னை நித்திரையால் எழுப்ப வேண்டுமென்றால் அவள் கட்டில் காலடியில், எட்டத்தில் நின்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள், தொடமாட்டாள். எத்தனையோ வருடம் இப்படித்தான். இதே மாதிரி ஆள் வீட்டில் இருக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள், தொட்டு எழுப்பாதீர்கள். “பழசை மறந்திடுங்கோ” என்றும் சொல்லாதீர்கள், மறக்க முடிந்தால் எப்போதோ மறந்திருப்போம். கமெராவோடு வந்து “உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்” என்று கேட்கிறவர்களுக்கும் இதுதான் என் பதில்: கேட்கிறவர் பின்னேரம் பஸ் ஏறிப் போய்விடுவார், சொன்னவன் அன்றைக்கு இரவு நித்திரையில்லாமல் கிடக்க வேண்டும். கதைக்க வேண்டுமென்று இருக்கிறவர்கள் 1926க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், இரவிலும் எடுக்கலாம். அங்கே கேட்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

பெயர் விடுபட்டவர்கள் கோபிக்க வேண்டாம், ஒருவர் பெயரையும்தான் போடவில்லையே. பிள்ளைகளுக்கு என்ன சொல்வது, “வாச்சர் ஐயா, பந்து சுவரிலை படப்போகுது” என்று கத்திவிட்டு அடிக்கிற கூட்டம் நீங்கள், யார் பழக்கினார்களோ தெரியாது. தரம் ஏழில் ஒருவர் போட்டியன்று எனக்குக் கச்சான் பைக்கற் தந்துவிட்டு நீலத் தண்ணீர்ப் போத்தலை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். கழுவி வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை இடைவேளைக்கு வந்து எடுக்கவும்.