ஆயுத பூஜை லீவுக்குக் குன்னூர் வருபவர்கள் கவனத்துக்கு

கோயம்புத்தூரிலிருந்து வரும் சித்தப்பா, அத்தை வீட்டார் இன்றைக்கே இ-பாஸ் (நீலகிரிக்குள் வண்டி நுழைய ஆன்லைனில் எடுக்கும் அனுமதி) எடுத்துவிடுங்கள், 2024 மே 7 முதல் அது கட்டாயம், கல்லாறு செக்போஸ்டில் கேட்பார்கள், குழந்தைகளோடு அங்கே காத்து நிற்க வேண்டாம். நம்ம டிஎன் 43 (நீலகிரிப் பதிவு) வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டியதில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை, எவர்சில்வர் பாட்டில் எடுத்து வாருங்கள். ஐப்பசி மழை பிடித்தால் மலைப் பாதையில் பர்லியார் பக்கம் மண் சரியும், மலை ரயிலும் நின்றுவிடும், அதனால் இருட்டும் முன் வந்து சேருங்கள். அப்புறம், தேயிலைத் தோட்டத்துக் காட்டெருமைகள் ராத்திரி நம்ம சந்துக்குள் வருகின்றன, பிள்ளைகளைத் தனியாக வெளியே விடாதீர்கள். பாட்டி எல்லாரையும் பார்க்க ஆசையாக இருக்கிறார். பொரி, கடலை மேட்டுப்பாளையத்திலேயே வாங்கிவிடுங்கள். எத்தனை பேர் என்று இன்றே சொல்லுங்கள்.