செயலாளர் ஆண்டறிக்கை 2024: எச்ஐவியால் பாதிக்கப்பட்ட சிறார் உதவிப் பிரிவு, சுங்கை சிப்புட்

தலைவர், செயலவையினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்ஐவி தொற்றுவதை மலேசியா ஒழித்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் 2018-லேயே சான்று கொடுத்துவிட்டதே, இந்தப் பிரிவு இன்னும் எதற்கு என்று சென்ற பொதுக்கூட்டத்தில் கேட்கப்பட்டது. சான்று உண்மைதான். 1998 முதல் அரசு கிளினிக்குகளில் கர்ப்பிணிகளைப் பரிசோதித்து வந்ததன் பலன் அது. ஆனால் சான்று கிடைப்பதற்கு முன்பே தொற்றோடு பிறந்தவர்கள் இன்று பள்ளிக்குப் போகிறார்கள். தொற்றே இல்லாமல், பெற்றோரை இழந்து பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைகளும் நம் பொறுப்பில்தான் இருக்கிறார்கள்.

இவ்வாண்டு வேலையில் பெரும்பகுதியை மருந்துதான் எடுத்துக்கொண்டது. அது அரசு மருத்துவமனையில் கிடைக்கிறது; வீட்டுக்கு வந்த பிறகுதான் கெடுகிறது. லோப்பினாவிர்-ரிட்டோனாவிர் என்ற எச்ஐவி மருந்து சிரப்பை 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். வெளியே வைத்தால் 25 பாகையைத் தாண்டக்கூடாது. தகரக் கூரை லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், மத்தியானம் அது நடக்கிற காரியமா? கரண்டு பில்லுக்குப் பயந்து இரவில் ஐஸ் பெட்டியை அடைத்துவிடும் வீடுகளுக்குச் சங்கமே பில் கட்டுகிறது. மருந்து கடுங்கசப்பு. முதலில் ஒரு ஐஸ் கட்டியைச் சப்ப வைத்து நாக்கை மரக்கச் செய்து, சாப்பாட்டோடு கொடுத்தால் துப்புவதில்லை.

இன்னொரு சிக்கல் லேபிள். அக்கம்பக்கம் பார்த்துவிடும் என்று பாட்டிமார் புட்டியின் லேபிளைக் கிழித்துவிடுகிறார்கள். அளவும் அதோடு போகிறது. எது எந்த சிரப் என்பதும் தெரியாது. கிழிக்காதீர்கள் என்று சொல்லிப் பயனில்லை, அவர்கள் பயம் நியாயமானது. ஆகவே இப்போது புட்டிக் கழுத்தில் சிவப்பு நூலோ நீல நூலோ கட்டி, சிரிஞ்சில் அளவுக்கு நேரே அதே நிறத்தில் கோடு போட்டுக் கொடுக்கிறோம். பேனா மை சுடுதண்ணீரில் அழிந்துவிட்டது, நகப்பூச்சு நிற்கிறது. எடை கூடினால் அளவும் மாறும். அதனால் மருத்துவரைப் பார்க்கும் ஒவ்வொரு தவணைக்குப் பிறகும் பழைய சிரிஞ்சை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுக்க வேண்டும். பழைய கோட்டுக்கே ஊற்றிக்கொண்டிருந்தால் மருந்து பற்றாமல் கிருமி அதற்குப் பழகிவிடும்.

மருந்து வேளை காலை 7, இரவு 7 என்று இருந்தது. பள்ளி வேனோ 6.45-க்கே வந்துவிடுகிறது. மருந்தகத்தில் கேட்டு 6-க்கு மாற்றினோம். 12 மணி நேர இடைவெளிதான் முக்கியம்.

ஈப்போ தவணைகளுக்குச் சங்கத்தின் பெயர் எழுதிய வேனை நிறுத்திவிட்டோம். வாசலில் அது நின்றாலே போதும், லயம் முழுக்கப் பேச்சாகிவிடும். பள்ளிக்குத் தவணை அட்டையைக் காட்ட வேண்டாம், கிளினிக்கில் வந்துபோன நேரத்தைக் காட்டும் டைம் ஸ்லிப் கேட்டு வாங்குங்கள் என்று பாதுகாவலர்களிடம் சொல்லியிருக்கிறோம். தீபாவளி அன்பளிப்போடு பிள்ளைகளின் படமும் கேட்ட நன்கொடையாளருக்கு மறுப்புத் தெரிவித்தோம். செயலவையில் இதற்கு முணுமுணுப்பு இருந்தது, முடிவில் மாற்றமில்லை.

சளி மருந்து என்று சொல்லி வளர்த்த பிள்ளை, சளி இல்லாத நாளில் தானாகவே மருந்தை நிறுத்திவிடுகிறது. பள்ளி வயதிலேயே படிப்படியாக உண்மையைச் சொல்லலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2011 வழிகாட்டி. முதலில் “உடம்பில் ஒரு கிருமி தூங்குகிறது, மருந்து அதை எழவிடாது” என்பது மட்டும். பெயரைப் பிறகு, கிளினிக் தாதி இருக்கும்போது சொல்லலாம்.

பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளின் விண்ணப்பங்கள் பதிவிலாகாவில் நிலுவையில் உள்ளன. கணக்கறிக்கையைப் பொருளாளர் படிப்பார்.

வேலைநாள் காலையில் சொந்தக் கார் ஓட்டித்தர இயன்றவர்கள் பெயர் கொடுங்கள். பழைய ஐஸ் பெட்டி தருவோர் இரட்டைக் கதவு உள்ளதாகப் பார்த்துத் தரவும். ஒற்றைக் கதவுப் பெட்டியில் மேல்தட்டு சிரப் உறைந்துவிடுகிறது.

செயலாளர்